அரபு பேசும் மாணவர்களும் ஆங்கில அழுத்தமும்: எங்கிருந்து தொடங்குவது?

நிஸ்வா_டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். இப்போது ஓமனில் நிஸ்வாவில் ஒரு கல்லூரியில் ஃபவுண்டேஷன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பள்ளிக்கூடம் முழுக்க அரபியில் படித்துவிட்டு, இனி பொறியியலோ கணினியோ ஆங்கிலத்தில் படிக்கப் போகிற பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், மரியாதையும் உண்டு. வாய் திறந்து பேசத் தயங்காதவர்கள்.

பார்க்கிங், பெப்சி போன்ற சொற்களில் முதல் எழுத்தான P அவர்களுக்கு வராது, B ஆகிவிடும் என்பது வளைகுடாவில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த கதை. (அந்த வித்தியாசத்தைத் தமிழில் எழுதிக் காட்டவும் முடியாது, அது வேறு விஷயம்!) அது எனக்குப் பெரிய தொல்லையாகத் தெரியவில்லை. எனக்குத் தலைவலி கொடுப்பது அழுத்தம். எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பதில்தான் எல்லாம் மாறிப்போகிறது. போன வாரம் குறித்து வைத்தவற்றிலிருந்து சில தருகிறேன். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ' குறி போட்டிருக்கிறேன்.

'கேலெண்டர் என்பதை க'லெண்டர் என்கிறார்கள். 'மினிஸ்டர், மி'னிஸ்டர் ஆகிறது. 'கேரக்டர், க'ரக்டர் ஆகிறது. 'டிஃபிகல்ட் என்பது டிஃபி'கல்ட். 'இன்ஸ்டிட்யூட் என்பது இன்ஸ்டி'ட்யூட். ஆனால் ஃபர்'கெட், அட்'மிட் போன்றவற்றில் தலைகீழாக முதல் அசைக்குப் போய்விடுகிறார்கள். செப்'டெம்பர், அக்'டோபர், கம்ப்'யூட்டர் எல்லாம் யாரும் சொல்லித் தராமலே சரியாக வருகின்றன.

கை தட்டச் சொல்கிறேன். தட்டும்போது சரியாக வரும். அதே சொல் ஒரு வாக்கியத்தில் வந்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். வகுப்பைப் பார்க்க வந்த ஒருங்கிணைப்பாளர் 'அழுத்தம் கற்பிப்பதில் கவனம் தேவை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எப்படி என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அரபியில் அழுத்தம் என்ற ஒன்று உண்டா, இல்லையா? இவர்கள் செய்வதில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா? இருந்தால் எங்கே தொடங்கலாம்?

பழைய_சலாலா:

மேடம், உங்கள் பட்டியலை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அதில் தாறுமாறாக எதுவுமே இல்லை. ஒவ்வொன்றும் அரபு விதிப்படி அச்சு அசலாகச் சரி. உங்கள் பிள்ளைகள் விதியை மீறவில்லை, வீட்டு விதியை வெளியூரிலும் கடைப்பிடிக்கிறார்கள்.

நான் லிபியாவில் ஆரம்பித்து, சவூதி போய், கடைசியில் சலாலாவில் ஓய்வு பெற்றவன். இந்த விதியை எனக்குச் சொல்லித் தந்தது பயிற்சி வகுப்பு இல்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த அரபு இலக்கண ஆசிரியர் ஒருவர், டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தார். எழுத்து அரபியில் விதி இதுதான்: சொல்லின் கடைசி அசை மிகக் கனமாக இருந்தால், அதாவது நெடிலும் அதன்மேல் ஒரு மெய்யும், அல்லது குறிலும் இரண்டு மெய்யும் சேர்ந்து வந்தால், அழுத்தம் அங்கே. கி'தாப், மக்'தூப். அப்படி இல்லையென்றால் கடைசிக்கு முந்திய அசையைப் பார். அது நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அதற்கு. மு'தர்ரிஸ். அதுவும் இல்லையா, இன்னும் ஒரு அசை முன்னால் போ. 'கதப. முடிந்தது. (அசை என்றதும் நேர், நிரைக்குப் போய்விடாதீர்கள். அது வேறு கணக்கு.)

இப்போது உங்கள் சொற்களை அதில் போடுங்கள். கேலெண்டரில் கடைசி அசை சாதாரணக் கனம், அதற்கு முந்திய 'லென்' மெய்யில் முடிகிறது. அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டது. மினிஸ்டரில் 'னிஸ்', கேரக்டரில் 'ரக்'. டிஃபிகல்ட் இரண்டு மெய்யில் முடிகிறது, அதனால் கடைசிக்கு ஓடுகிறது. இன்ஸ்டிட்யூட்டில் கடைசியில் நெடிலும் மெய்யும். ஃபர்கெட்டில் கடைசி அசை போதுமான கனம் இல்லை, முந்தியது கனம், ஆகவே முதல் அசை. செப்டெம்பரும் கம்ப்யூட்டரும் சரியாக வருவதும் இதே விதியால்தான். அதற்காக அவர்களைப் பாராட்டிவிடாதீர்கள், தற்செயல்!

ஆக அரபியில் அழுத்தம் உண்டு, நன்றாகவே உண்டு. ஆனால் சொல்லின் உருவத்தைப் பார்த்தாலே அது எங்கே விழும் என்று தெரிந்துவிடும். அதனால் யாரும் அதை மனப்பாடம் செய்ததில்லை, அதைப் பற்றி யோசித்ததும் இல்லை. ஆங்கிலத்தில் சொல்லோடு சேர்த்து அழுத்தத்தையும் படித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு அநியாயமாகப் படுகிறது. நியாயம்தானே? நமக்கு இதுவும் இல்லை. தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. ஏதோ முதல் அசையில் லேசாக ஒரு தூக்கல், அவ்வளவுதான். நம் ஊர் ஆசிரியர்களில் பாதிப் பேர் 'டெவலப் என்று முதல் அசையில் போடுவார்கள், அகராதியில் டி'வெலப் என்று இருக்கும். அரபுப் பிள்ளைக்கு அழுத்தம் சொல்லித்தரப் போகும் தமிழ் வாத்தியார் பக்கத்திலேயே அகராதி வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். கை தட்டலில் தொடங்காதீர்கள். அவர்கள் மொழியிலேயே தொடங்குங்கள். பலகையில் 'எழுது' என்று பொருள்படும் க-த-ப வேரின் குடும்பத்தை எழுதி வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: 'கதப, 'காதிப், கி'தாப், மக்'தூப். வேர் ஒன்று, அச்சு மாற மாற அழுத்தமும் நகர்கிறது. அந்த அச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வஸ்ன். ஃபாஇல், மஃப்ஊல் என்று சின்ன வயதிலேயே வாய்ப்பாடாகப் படித்தவர்கள். அதற்குப் பக்கத்தில் 'பாலிடிக்ஸ், பொ'லிடிக்கல், பாலி'டிஷன் என்று எழுதுங்கள். இதுவும் ஒரு குடும்பம், இதிலும் விகுதி மாறும்போது அழுத்தம் நகர்கிறது. ஷன், இக், இட்டி என்று முடிகிற சொற்களில் அந்த விகுதிக்கு நேர் முன் அசையில் அழுத்தம் விழும். விதிவிலக்கு மிகக் கொஞ்சம், பாலிடிக்ஸே அதில் ஒன்று. "இதுவும் வஸ்ன்தான்" என்று சொன்னால் போதும், பையன்கள் நோட்டைத் திறப்பார்கள். கல்லூரிப் பாடப் புத்தகத்தில் இப்படி முடிகிற சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு பெரிய பங்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

மீதி கேலெண்டர், மினிஸ்டர் ரகம். அங்கே விதி கிடையாது. அதற்கு நான் செய்தது ஒரு குறுக்கு வழி. அரபு எழுத்தில் பொதுவாகக் குறில் எழுதப்படுவதில்லை, நெடில்தான் எழுத்தாக நிற்கும். ஆகவே உயிரெழுத்து கண்ணில் பட்டாலே அது நீளம் என்று அவர்கள் கண் பழகிப்போயிருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் இருக்கிற பல உயிர்களை நீட்டுகிறார்கள், நீட்டியதும் அசை கனமாகிறது, கனமானதும் அழுத்தம் வந்து உட்காருகிறது. இதையே திருப்பிப் போட்டால் என்ன? பலகையில் கேலெண்டருக்கு ஆங்கிலத்தில் சி, ஏ, எல், என், டி, ஆர் என்று ஆறே எழுத்து எழுதினேன். மினிஸ்டருக்கு எம், ஐ, என், எஸ், டி, ஆர். அழுத்தம் விழும் உயிரை மட்டும் விட்டு வைத்தேன், மற்றதை எல்லாம் தூக்கிவிட்டேன். கடைசி வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒருவன் படித்தான். முதல் தடவையே 'கேலெண்டர். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் எழுத்துப் பாடம் எடுப்பவர் சண்டைக்கு வந்தார். "ஏற்கெனவே இவர்கள் உயிரெழுத்தை விழுங்கி எழுதுகிறார்கள், நீங்கள் வேறு பாடம் நடத்துகிறீர்களா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதன்பிறகு எழுத்துகளை அழிக்காமல் முழுச் சொல்லையும் எழுதி, அமுங்கிப் போகிற உயிருக்கு மேலே ஒரு சின்ன வட்டம் போட ஆரம்பித்தேன். அரபியில் அந்த வட்டத்துக்கு ஸுகூன் என்று பெயர், 'இங்கே உயிர் இல்லை' என்று பொருள். விளக்கவே வேண்டியதில்லை, பார்த்தவுடனே புரிந்துகொள்கிறார்கள்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது: நாம் ஓங்கச் சொல்லித் தருகிறோம், அவர்களுக்குத் தெரியாதது அமுக்குவது. ஓங்குவதற்கு அரபுப் பையனுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்! மற்ற அசைகள் எல்லாம் முழு உயிரோடு நின்றால், ஒன்றை மட்டும் எவ்வளவு கத்திச் சொன்னாலும் ஆங்கிலம் போலக் கேட்காது. நாம் 'பாக்கு', 'நாடு' என்று சொல்லும்போது கடைசி உகரம் குறுகுகிறதே, குற்றியலுகரம், கிட்டத்தட்ட அந்த அளவு குறுக வேண்டும் அந்த உயிர்கள். எழுத்து அரபியில் அ, இ, உ மூன்றும் எங்கே வந்தாலும் தன் நிறத்தோடுதான் நிற்கும்.

ஜுபைல்_நர்ஸ்:

டீச்சர் இல்லை, நர்ஸ். ஆனாலும் ஒன்று சொல்ல ஆசை. பழைய_சலாலா சார் சொன்ன கடைசி அசை விதியால் எங்கள் வார்டில் நன்மைதான். அரபு டாக்டர்கள் பதினைந்து என்பதை ஃபிஃப்'டீன் என்று கடைசியில் நெடிலை இழுத்து ஓங்கிச் சொல்வார்கள். ஐம்பது 'ஃபிஃப்டி. குழப்பமே வராது. நம்ம ஊர் ஆட்கள்தான் இரண்டையும் முதல் அசையில் போட்டுவிட்டு, கடைசியை முழுங்கிவிடுவார்கள். மருந்து அளவு சொல்லும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் யார் சொன்னாலும் "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஸீரோ" என்று இலக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவோம்.

டாக்டர் என்ற சொல்லையே அவர்கள் டாக்'தோர் என்றுதான் சொல்வார்கள். அரபியில் துக்'தூர் என்று ஆகிவிட்ட சொல், இனி யார் மாற்றுவது?

ஒலியியல்_பித்தன்:

கொஞ்சம் எதிர்வாதம். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல் முன்வைத்த பட்டியல் ஒன்று உண்டு. தாய்மொழி ஆங்கிலம் இல்லாத இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது புரிவதற்கு எதெல்லாம் கட்டாயம் வேண்டும் என்ற பட்டியல். அதில் சொல்லழுத்தம் கிடையாது. வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு முதன்மை என்பது மட்டும் இருக்கிறது. ஓமனில் உங்கள் மாணவர் நாளைக்கு யாரோடு ஆங்கிலம் பேசுவார்? மலையாளி சூப்பர்வைசரோடு, பிலிப்பினோ கணக்காளரோடு, பாகிஸ்தானி டிரைவரோடு. அவர்களுக்கு க'லெண்டர் புரியாதா என்ன? இதற்கு இத்தனை வகுப்பு நேரம் செலவழிக்க வேண்டுமா?

இன்னொரு வேடிக்கை. டேவிட் அபர்குரோம்பி 1967-ல் மொழிகளைத் தாளத்தை வைத்து இரண்டாகப் பிரித்தபோது ஆங்கிலம், ரஷ்யன், அரபி மூன்றையும் ஒரே கட்சியில் வைத்தார், அழுத்தத்துக்கு அழுத்தம் சம இடைவெளி விடும் மொழிகள் என்று. நம் பக்கத்து வீட்டுத் தெலுங்கு எதிர்க்கட்சியில். பின்னால் கருவி வைத்து அளந்தவர்களுக்கு அந்தச் சம இடைவெளி கிடைக்கவில்லை. ஆனாலும் அரபு பேசுபவர் ஆங்கிலத் தாளத்துக்கு நம்மைவிடக் கிட்டத்தில் இருக்கிறார் என்பதைக் காது ஒத்துக்கொள்கிறது. திருத்த வேண்டியவர்கள் நாமோ என்னவோ.

பழைய_சலாலா:

பித்தன் தம்பி, ஜென்கின்ஸ் சொன்னது இருவருமே வெளியாட்களாக இருக்கும்போது. இந்தப் பிள்ளைகளுக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு இருக்கிறது. பேச்சுத் தேர்வில் உச்சரிப்புக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண். அரபு வாடை அடிக்கிறது என்று யாரும் குறைக்க மாட்டார்கள், கேட்பவர் சிரமப்பட்டால் குறைப்பார்கள்.

இன்னொன்று. 2005-ல் ஜான் ஃபீல்ட் ஒரு சோதனை செய்தார். அழுத்தத்தை வேண்டுமென்றே இடம் மாற்றி இரண்டசைச் சொற்களைக் கேட்க வைத்தார். அழுத்தம் வலப்பக்கம் தள்ளிப்போனால்தான் கேட்பவர் அதிகம் தடுமாறினார்கள். இடப்பக்கம் வந்தால் அவ்வளவு மோசமில்லை. அரபு விதி எந்தப் பக்கம் இழுக்கிறது? பெரும்பாலும் வலப்பக்கம்தான்! அதனால் எனக்கு நேரம் குறைவென்றால் ஃபர்கெட், அட்மிட்டை அப்படியே விட்டுவிடுவேன். டிஃபி'கல்ட், இன்ஸ்டி'ட்யூட், க'லெண்டரைப் பிடித்துக்கொள்வேன். பெர்மிட், ரெகார்ட் என்று பெயர்ச்சொல்லுக்கு ஓர் அழுத்தம், வினைக்கு ஓர் அழுத்தம் என்று எல்லாப் புத்தகமும் பக்கம் பக்கமாகப் போடுகிறது. அதையும் தாண்டிப் போய்விடலாம், இடம் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

தாண்டக் கூடாதது கேன், கான்ட். "ஐ கேன் கம்" என்று கேனை ஓங்கிச் சொன்னால் கேட்பவர் காதில் 'வர முடியாது' என்று விழக்கூடும். கேன் அமுங்கி 'க்ன்' ஆக வேண்டும், கான்ட் முழுசாக நிற்க வேண்டும். இதற்கும் அரபியிலேயே பிடி இருக்கிறது. வ என்ற 'உம்', பி, லி எல்லாம் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு அழுத்தமில்லாமல் போகும் துண்டுகள். "கேன் என்பதும் வ மாதிரிதான், ஒட்டிக்கொள்" என்று சொல்லிப் பாருங்கள்.

நிஸ்வா_டீச்சர்:

சார், ரொம்ப நன்றி. இன்றைக்கே க-த-ப குடும்பத்தை எழுதிப் பார்த்தேன். நான் 'கதப என்று சொன்ன விதத்தைப் பார்த்து வகுப்பே என்னைத் திருத்தியது. எனக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு! பாலிட்டிஷனுக்கு வந்தபோது யாரும் தூங்கவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். மூன்று நான்கு பேர் மட்டும் உங்கள் விதிக்குள் வரவில்லை. சொல் எதுவானாலும் கடைசிக்கு முந்திய அசைதான், அது கனமோ இல்லையோ. 'சினிமாவைக்கூட சி'னிமா என்கிறார்கள். எங்களுடன் இருக்கும் எகிப்து டீச்சர் இது தன் ஊர் வழக்கம் போல இருக்கிறது என்கிறார். ஆனால் பிள்ளைகள் எல்லோரும் ஓமானிகள்.

பழைய_சலாலா:

அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை. எழுத்து அரபிக்கு விதி ஒன்று என்றாலும் வாய்க்கு வாய் மாறும். டமாஸ்கஸ்காரர் 'மத்ரஸெ என்பார், கெய்ரோக்காரர் மத்'ரஸா என்பார், அதே பள்ளிக்கூடம். நடுவில் உயிரைச் செருகும் இடமும் மாறும். ஃப்ளோர் எகிப்தியர் வாயில் ஃபிலோர், ஈராக்கியர் வாயில் இஃப்லோர். (நம்ம இஸ்கூல் ஈராக் கட்சி.) அசை ஒன்று கூடினால் அழுத்தக் கணக்கே மாறிவிடும். அதனால் 'அரபு பேசுபவர்' என்று மொத்தமாக ஒரு பெட்டியில் போட முடியாது.

ஆனால் உங்கள் நான்கு பேருக்கும் கெய்ரோவுக்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் பாட்டியோடு என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சான்சிபாரிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் ஓமனில் நிறைய. வீட்டில் சுவாஹிலி இருக்கும். சுவாஹிலியில் அழுத்தம் கிட்டத்தட்ட எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில்தான், கனம் பார்ப்பதே இல்லை. சலாலாவில் எனக்கு ஜிப்பாலி பேசும் பிள்ளைகளும் இருந்தார்கள், பாத்தினா கடற்கரைப் பக்கம் போனால் பலூச்சியும் வரும். வருகைப் பதிவில் எல்லோருக்கும் தாய்மொழி அரபி என்று ஒரே வரிதான் இருக்கும்.

சுவாஹிலிப் பிள்ளை என்றால் வஸ்ன் பாடம் அப்படியே செல்லும், அவர்களும் பள்ளியில் அரபி படித்தவர்கள்தான். ஸுகூன் வட்டமும் செல்லும். கேலெண்டர், சினிமா வகையை மட்டும் அவர்களுக்குத் தனியாக எடுங்கள். மற்றவர்களுக்குக் கனமான அசையிலிருந்து அழுத்தத்தைப் பிடுங்க வேண்டும், இவர்களுக்குக் கனமே இல்லாத இடத்திலிருந்தும் பிடுங்க வேண்டியிருக்கும். முதலில் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள், என் ஊகம் தவறாக இருந்தால் வேறு வழி பார்ப்போம்.